மாரிக்கு முன் டயர் மாற்றுதல்: மாத்தளை வீதிகளை முன்வைத்து ஒரு நோக்கு

ஈழத்துத் தமிழ்ப் புவியியல் நூல்கள் ஐரோப்பாவின் குளிர்காலத்தையும் 'மாரி' என்றே குறித்து வந்துள்ளன. பனி பெய்யும் நாட்டின் மாரியும் மழை பெய்யும் நம் நாட்டின் மாரியும் ஒரே சொல்லுள் அடங்கியது வெறும் மொழிபெயர்ப்பு வசதியால் நேர்ந்திருக்கலாம். ஆயினும் வாகனம் செலுத்துவோரின் நிலையில் நின்று நோக்கின், அச்சொல் பொருத்தமானதே என்பது புலனாகும். இரண்டு மாரிகளிலும் வீதி தன் பிடியை இழக்கின்றது. அப்பிடியை மீட்டுக் கொடுக்க வேண்டிய பொறுப்பு, ஓர் உள்ளங்கையளவு பரப்பில் நிலத்தைத் தொட்டு நிற்கும் டயரின் மீது சுமத்தப்படுகின்றது.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மாரிகால டயர் பூட்டாது கார் ஓட்டுதல் சட்டவிரோதமானது. ஆஸ்திரியாவில் மாரிகால ஆரைப்பின்னல் டயரின் தவாளிப்பு 4 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் அது மாரிகால டயராகவே கணிக்கப்படுவதில்லை. அங்கெல்லாம் டயர் மாற்றுவதற்கு நாட்காட்டியில் ஓர் இடம் உண்டு. நம்மிடையே அவ்வாறான வழக்கம் இல்லை. டயர் வெடித்தால், அல்லது பொலிஸார் மறித்தால், அல்லது கையில் பணம் சேர்ந்தால் மாற்றுவது என்பதே நடைமுறையாக உள்ளது. மாத்தளை மாவட்டத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இங்கும் டயர் மாற்றும் முடிவுக்கு ஒரு பருவமும் ஓர் அளவும் உண்டு என்பதையும், அம்முடிவு உரிமையாளர் ஒருவரின் தனிப்பட்ட செலவுக் கணக்கோடு முடிந்துவிடுவதன்று என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாவட்டமும் மழையும்

மாத்தளை மாவட்டம் மத்திய மலைநாட்டின் வடக்கு விளிம்பில் அமைந்துள்ளது. 1880 இல் கண்டியிலிருந்து நீட்டப்பட்ட இருப்புப்பாதை மாத்தளை நகரோடு நின்றுவிட்டது. அதற்கப்பால் இரத்தோட்டைக்கோ, எல்கடுவைக்கோ, லக்கலைக்கோ செல்ல விரும்புவோருக்கு வீதியை விட வேறு வழியில்லை. கண்டி யாழ்ப்பாண வீதி அக்குறணையைக் கடந்து மாத்தளை, நாலந்தா, நாவுல வழியாகத் தம்புள்ளையின் சமவெளியில் இறங்குகின்றது. கிழக்கே இரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் கணவாயை ஏறிக் கடந்து இலுக்கும்புரவுக்குச் செல்லும் வீதி, நக்கிள்ஸ் மலைத்தொடரைக் குறுக்கறுத்துச் செல்கின்றது. ஒரே மாவட்டத்துள் ஒருபுறம் நேரான வேகமான வீதியும், மறுபுறம் வளைவுகள் நிறைந்த செங்குத்தான வீதியும் இருப்பதை இங்கு மனங்கொள்ள வேண்டும்.

இம்மாவட்டத்தின் பெருமழை இரண்டாம் இடைப்பருவமாகிய ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் அதனைத் தொடரும் வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திலும் கிடைக்கின்றது. ஜூன் முதல் ஓகஸ்ட் வரையான காலம் மாவட்டத்தின் பெரும்பகுதியில் ஒப்பளவில் வறண்டது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் பிற்பகல் இடிமழை உண்டாயினும், நாட்கணக்கில் வீதி ஈரம் காயாதிருப்பது ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான நான்கு மாதங்களிலேயே ஆகும். ஆகவே டயரைப் பற்றிய முடிவு செப்டெம்பரில் எடுக்கப்பட வேண்டியதாகின்றது.

தவாளிப்பு செய்யும் வேலை

டயரின் மேற்பட்டையில் வெட்டப்பட்டுள்ள பள்ளக் கோடுகளையே தவாளிப்பு என்கின்றோம். காய்ந்த தார் வீதியில் இவை இல்லாவிடினும் டயர் பிடிக்கும். ஓட்டப்பந்தயக் கார்கள் காய்ந்த தடத்தில் தவாளிப்பே இல்லாத டயர்களில் ஓடுவது இதனாலேயே. தவாளிப்பின் பணி நீரை அகற்றுவதாகும்.

ஒரு சிறு கணக்கு இதனைத் தெளிவாக்கும். 165 மில்லிமீற்றர் அகலமுள்ள டயர், 2 மில்லிமீற்றர் நீர் தேங்கிய வீதியில் மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் உருளும்போது, செக்கனுக்கு ஏறத்தாழ 7 லீற்றர் நீரை வழியிலிருந்து விலக்க வேண்டும். அதாவது இரண்டு செக்கனுக்கு ஒரு குடம் நீர். விலக்கப்படும் நீர் செல்வதற்கு வாய்க்கால் வேண்டும், தவாளிப்புகளே அவ்வாய்க்கால்கள். புதிய கார் டயரில் அவற்றின் ஆழம் பொதுவாக 8 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். ஆழம் குறையக் குறைய வாய்க்கால் தூர்ந்துபோகின்றது. போக இடமற்ற நீர் டயருக்கும் வீதிக்கும் இடையில் ஆப்பைப் போலப் புகுந்து சில்லைத் தூக்குகின்றது. அந்நிலையில் சுக்கானும் பிரேக்கும் பயனற்றுப் போகின்றன.

இந்த நீர்மிதப்பு தொடங்கும் வேகத்தை அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஆய்வாளர்கள் 1960களில் விமானச் சில்லுகளைக் கொண்டு ஆராய்ந்தனர். தவாளிப்பால் நீரை அகற்ற இயலாத நிலையில், அவ்வேகம் டயரின் காற்றமுக்கத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது எனக் கண்டனர். அவர்களது சூத்திரத்தின்படி, சதுர அங்குலத்துக்கு 32 இறாத்தல் அமுக்கமுள்ள டயர் மணிக்கு ஏறத்தாழ 94 கிலோமீற்றரில் முற்றாக மிதக்கும். காற்றுக் குறைந்து 24 இறாத்தலாகிவிட்டால் 82 கிலோமீற்றரிலேயே மிதக்கும். பிடி இழப்பு இவ்வெல்லைக்கு வெகு முன்பே படிப்படியாகத் தொடங்கிவிடுகின்றது. தேய்ந்த டயரில் காற்றும் குறைந்திருந்தால் கேடு இரட்டிப்பாகும் என்பதே இங்கு நாம் பெறும் பாடம்.

ஆயின் இரத்தோட்டை வளைவுகளில் எவரும் மணிக்கு 90 கிலோமீற்றரில் செல்வதில்லை. அங்குள்ள ஆபத்து வேறு வகையானது. பல வாரங்கள் வறண்டிருந்த வீதியில் தூசி, எண்ணெய், உதிர்ந்த இலைகள், மேட்டிலிருந்து கழுவி வந்த களிமண் ஆகியன முதல் மழையோடு கலந்து வழவழப்பான மென்படலமாகின்றன. இப்படலத்தை ஊடறுத்து வீதியின் சொரசொரப்பைத் தொடுவதற்குக் கூரிய தவாளிப்பு விளிம்புகளும், நெகிழ்ந்து படியும் மென்மையான இறப்பரும் தேவை. தேய்ந்த டயரில் விளிம்பு இல்லை. முதிர்ந்த டயரில் மென்மை இல்லை. எனவே நாவுல தம்புள்ளைப் பகுதியின் நேர்வீதியில் தவாளிப்பின் ஆழமும், மலைவளைவுகளில் ஆழத்தோடு டயரின் வயதும் தீர்மானிக்கும் காரணிகளாகின்றன.

சரிவு என்னும் மூன்றாவது காரணியையும் சேர்த்துப் பார்ப்போம். மணிக்கு 50 கிலோமீற்றரில் செல்லும் கார், உராய்வுக் குணகம் 0.7 ஆகவுள்ள காய்ந்த சமவீதியில் பிரேக் பிடித்த பின் ஏறத்தாழ 14 மீற்றரில் நிற்கும். ஈர வீதியில் தேய்ந்த டயரால் அக்குணகம் 0.4 ஆகக் குறைந்ததெனக் கொண்டால் அது 25 மீற்றராகும். அதே ஈர வீதி நூற்றுக்கு எட்டு என்னும் சரிவில் கீழிறங்குமாயின் 31 மீற்றர் தேவைப்படும். கண் கண்டு கால் அழுத்துவதற்கு ஒரு செக்கன் எனக் கொண்டு மேலும் 14 மீற்றரைச் சேர்க்க வேண்டும். மொத்தம் 28 மீற்றர், 39 மீற்றர், 45 மீற்றர். வளைவுக்கு அப்பால் முப்பது மீற்றர் தூரமே கண்ணுக்குத் தெரியும் ஒரு மலைவீதியில் முதற்கணக்கு உயிரைக் காக்கும்; மற்றை இரண்டும் காக்கமாட்டா.

எப்போது மாற்றுவது?

டயர் செய்வோர் தவாளிப்பின் அடியில் 1.6 மில்லிமீற்றர் உயரத்தில் சிறு தடுப்புகளை வைத்துள்ளனர். மேற்பட்டை தேய்ந்து இத்தடுப்புகளோடு சமமாகும்போது டயரின் ஆயுள் முடிந்தது என்பது பொருள். ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் கார்களுக்குச் சட்டம் விதிக்கும் குறைந்த அளவும் இதுவே. ஆனால் சட்ட எல்லை வேறு, மழைக்கான எல்லை வேறு. ஈர வீதியில் 3 மில்லிமீற்றருக்குக் கீழே பிடி விரைந்து குறைவதால், மழைக்காலத்துக்கு 3 மில்லிமீற்றரை எல்லையாகக் கொள்ளுமாறு துறைசார்ந்தோர் பலர் கூறுவர். நாமும் அதனையே கொள்வோம்.

எனினும் 'செப்டெம்பரில் 3 மில்லிமீற்றர் இருந்தால் போதும்' என்பது பிழையான முடிவாகும். மழை முடியும் நாளில் 3 மில்லிமீற்றர் இருக்க வேண்டும் என்பதே சரியான விதி. ஒரு டயர் 8 இலிருந்து 1.6 மில்லிமீற்றர் வரை தேய 40,000 கிலோமீற்றர் ஓடுகின்றதெனக் கொள்வோம். அப்படியாயின் ஒவ்வோர் ஆயிரம் கிலோமீற்றருக்கும் 0.16 மில்லிமீற்றர் தேய்கின்றது. மாதம் 500 கிலோமீற்றர் ஓடும் வீட்டுக் கார் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை 0.3 மில்லிமீற்றர் மட்டுமே இழக்கும். அதற்குச் செப்டெம்பரில் 3.3 மில்லிமீற்றர் போதுமானது. மாதம் 2,000 கிலோமீற்றர் ஓடும் வாடகை வேன் இதே காலத்தில் 1.3 மில்லிமீற்றரை இழக்கும். அதற்கு 4.3 மில்லிமீற்றர் தேவை. ஒரே நாளில், ஒரே அளவுள்ள இரு டயர்களுள் ஒன்றை வைத்துக்கொள்ளலாம், மற்றதை மாற்றவேண்டும் என்பது இதனாற் பெறப்படும். மலைவளைவுகளில் ஓடும் டயர் இதனினும் விரைவாகத் தேயும் என்பதால், ஒவ்வொரு சாரதியும் தம் டயரின் தேய்வைத் தாமே மாதந்தோறும் அளந்து குறித்துவருதல் நன்று.

அளப்பதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஒரு தீக்குச்சியைத் தவாளிப்பினுள் செங்குத்தாக நிறுத்தி, மேற்பட்டை மட்டத்தில் நகத்தால் அடையாளமிட்டு, அதனைப் பாடசாலைப் பிள்ளையின் அடிமட்டத்தில் வைத்துப் பார்த்தால் போதும். உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என மூன்றிடத்திலும் அளத்தல் வேண்டும். தீர்மானிப்பது மிகக் குறைந்த அளவே. நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று மிகை. இரு ஓரங்களும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு. ஓர் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் சில்லுகளின் நேர்மை குலைந்துள்ளது. இக்குறைகளைத் திருத்தாது புதிய டயர் பூட்டுவோர் பணத்தை வீணாக்குவோராவர்.

வயதை அறிய டயரின் பக்கச் சுவரைப் பார்க்க வேண்டும். 2000 ஆம் ஆண்டு முதல் செய்யப்பட்ட டயர்களில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. 3519 என்றிருந்தால் 2019 ஆம் ஆண்டின் 35 ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். ஒட்சிசனும் ஓசோனும் வெயிலும் இறப்பரை இறுகச் செய்வதால், ஐந்து ஆண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் தேர்ந்தவர் ஒருவரிடம் காட்டுமாறும், பத்து ஆண்டு கடந்ததைத் தவாளிப்பு எவ்வளவு இருப்பினும் நீக்குமாறும் டயர் நிறுவனங்கள் சில அறிவுறுத்துகின்றன. வீட்டில் ஓடாது நிற்கும் காரின் டயர் தேயாதிருந்தும் கெடுவது இவ்வாறே. பக்கச் சுவரில் வெடிப்போ வீக்கமோ தென்பட்டால் அளவையும் ஆண்டையும் பாராது உடனே மாற்றுதல் வேண்டும்.

இரண்டு டயர்களுக்கு மட்டுமே பணம் உள்ளவர் புதியவற்றை எங்கே பூட்டுவது என்னும் வினா அடிக்கடி எழுவது. முன்சில்லே திருப்புவது என்பதால் முன்னே பூட்ட வேண்டும் எனப் பலர் எண்ணுவர். உண்மை மாறானது. முன்சில்லு வழுக்கினால் கார் நேரே செல்ல முற்படும். வேகத்தைக் குறைத்து ஓரளவு மீளலாம். பின்சில்லு வழுக்கினால் காரே சுழன்றுவிடும். மலைவீதியில் அதற்கு மீட்சி அரிது. ஆகவே நல்ல டயர்கள் பின்னே இருத்தல் வேண்டும்.

தேய்ந்த கார் டயரில் சூடேற்றிய கத்தியால் மீண்டும் கோடு வெட்டி விற்பதும் உண்டு. பார்வைக்குப் புதிது போலத் தோன்றும் இந்த டயரில், உள்ளிருக்கும் நூற்படையை மூடி நிற்கும் இறப்பரே வெட்டப்பட்டுள்ளது. லொறி, பஸ் டயர்களுக்கு உரிய முறையில் புதிய மேற்பட்டை பதிக்கும் 'ரீபில்ட்' தொழிலை இதனோடு சேர்த்து எண்ணலாகாது. முன்னது ஏமாற்று, பின்னது, நல்ல உடற்பகுதியைத் தெரிந்து செய்யப்படுமாயின், சிக்கனமான தொழில்நுட்பம்.

ஏன் ஒத்திப்போடப்படுகின்றது?

இவ்வளவும் அறிந்த சாரதிகள் மாத்தளையிற் பலர் உள்ளனர். மொட்டை டயரில் மழையில் இறங்குவது அறியாமையின் விளைவு எனக் கூறுவது எளிது. ஆயின் அது முழுமையான விளக்கமாகாது. வாடகை வாகனம் ஓட்டுவோரின் பொருளாதாரத்தை நோக்குதல் வேண்டும். லீசிங் தவணை மாதந்தோறும் கட்ட வேண்டியது. எரிபொருள் நாள்தோறும் வாங்க வேண்டியது. இவ்விரண்டையும் ஒத்திப்போட முடியாது. ஒத்திப்போடக் கூடியது டயர் ஒன்றே. 2020 இல் வெளிநாட்டுச் செலாவணியைக் காக்கும் பொருட்டு அரசு இறக்குமதிகளைக் கட்டுப்படுத்தியபோது டயர்களும் அதில் அகப்பட்டன. 2022 இல் ரூபாயின் பெறுமதி டொலருக்கு 200 அளவிலிருந்து 360 அளவுக்குச் சரிந்தது. ஆண்டுதோறும் மாற்றியவர் ஈராண்டுக்கு ஒருமுறை மாற்றலானதும், கழித்த டயரைத் தேடி வாங்கலானதும் இச்சூழலில் வியப்பன்று.

இதில் உள்ள முரண்பாடு சிந்திக்கத்தக்கது. ஆசியாவின் இறப்பர்ச் செய்கைக்கு வித்திட்ட நாற்றுகள் 1876 இல் வந்திறங்கியது இந்நாட்டின் ஹெனரத்கொடைத் தோட்டத்திலாகும். மாத்தளை மாவட்டத்தின் தாழ்ந்த சரிவுகளிலும் இறப்பர் பயிராகின்றது. 1960களில் சோவியத் உதவியோடு களனியில் அரச டயர்த் தொழிற்சாலை நிறுவப்பட்டது. பின்னர் அது தனியார் கைக்கு மாறியது. பாரந்தூக்கி வண்டிகளுக்கான திண்ம டயர்களை உலகச் சந்தைக்கு அனுப்புவதில் இலங்கை முன்னணியில் நிற்கின்றது. இவ்வளவும் இருந்தும், அதிகாலையில் மரத்தைக் கீறிப் பால் எடுப்பவரின் பிள்ளை பாடசாலைக்குச் செல்லும் வேன், கோடு அழிந்த டயரில் ஓடக்கூடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியத் தொழிலாளர் தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்துவந்த வடக்கு வீதியில் இறந்தோர் பலர். இன்று நடக்க வேண்டியதில்லை. ஆயினும் தம் பயணத்தின் நிபந்தனைகளைத் தாமே தீர்மானிக்க இயலாமை அவர்தம் சந்ததியினரை விட்டு முற்றாக அகலவில்லை. டயரை மாற்றுவதா என்பதை முடிவு செய்பவர் ஒருவர். அம்முடிவின் சுமையைத் தாங்குவோர் பின்னிருக்கையில் அமர்ந்திருக்கும் பன்னிருவர்.

சிக்கலின் வேர், டயரை நாம் கணக்கில் வைக்கும் முறையிலேயே உள்ளது. எரிபொருள் எரிவது கண்ணுக்குத் தெரிகின்றது. அன்றன்றே அதற்கு விலை கொடுக்கின்றோம். டயரும் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் எரிகின்றது. அதன் பற்றுச்சீட்டு மட்டும் இருபது மாதத்துக்கு ஒருமுறை, ஒரே தொகையாக வருகின்றது. மாதம் 2,000 கிலோமீற்றர் ஓடுபவர் நான்கு டயர்களின் விலையை இருபதாகப் பிரித்து, அப்பங்கை மாதந்தோறும் தனியே வைத்தால், செப்டெம்பரில் கடன் தேட வேண்டியதில்லை. வாடகையைத் தீர்மானிக்கும்போதும் இப்பங்கு எரிபொருளோடு சேர்த்தே எண்ணப்படல் வேண்டும். சாரதிகள் சங்கங்களும் கூட்டுறவுக் கடன் சங்கங்களும் இதற்கென ஒரு சேமிப்பு முறையை ஏற்படுத்துவது எட்டாத காரியமன்று. பாடசாலை வேன் அமர்த்தும் பெற்றோர் கட்டணம் பேசும் நாளில் தீக்குச்சியும் அடிமட்டமும் கொண்டு செல்வதில் தவறில்லை. ஆனால் நல்ல டயரைக் கேட்பவர் அதற்குரிய பங்கைக் கட்டணத்தில் ஏற்கவும் வேண்டும்.

3 மில்லிமீற்றரில் மாற்றுவது வீண் செலவு என்பாருக்கு ஒன்று கூறலாம். பயன்படத்தக்க 6.4 மில்லிமீற்றரில் 1.4 மில்லிமீற்றர், அதாவது ஏறத்தாழ 22 வீதம், பயன்படாது போகின்றது என்பது உண்மையே. மழைப் பாதுகாப்பின் விலை அதுவே; நூறு ரூபாய்க்கு இருபத்திரண்டு ரூபாய். இதனையும் குறைக்க வழியுண்டு. ஜனவரி முடிவில் 3 மில்லிமீற்றர் எஞ்சுமாறு திட்டமிட்டால், எஞ்சியதன் பெரும்பகுதியை வறண்ட மாதங்களில், ஏப்ரல் இடிமழைக்கு வேகம் தணித்து, ஓடித் தீர்க்கலாம். பின்னர் செப்டெம்பரில் புதிய டயரோடு மாரியை எதிர்கொள்ளலாம். வீணாவது குறைகின்றது, மழைக்கு ஆழமும் கிடைக்கின்றது.

இரண்டு எச்சரிக்கைகள்

முதலாவது, கழற்றிய டயரைப் பற்றியது. மாரிக்கு முன் மாற்றினால் மாரி தொடங்கும் வேளையில் பழைய டயர் முற்றத்தில் கிடக்கும். அதனுள் தேங்கும் நீர் டெங்கு நுளம்புக்குச் சிரட்டையினும் வாய்ப்பான இடமாகும். பழைய டயரைக் கடையிலேயே ஒப்படைத்துவிட வேண்டும். வைத்திருப்பதாயின் கூரையின் கீழ் வைக்க வேண்டும்.

இரண்டாவது, டயரின் எல்லையைப் பற்றியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழையில் மலையகமெங்கும் மண் சரிந்தது; மாத்தளை மாவட்டமும் அதற்குத் தப்பவில்லை. சரியும் மலைக்கு முன் எந்த டயரும் பயன்படாது. மண்சரிவு எச்சரிக்கை விடுக்கப்பட்ட நாளில் வீதியில் இறங்காதிருப்பதே செய்யத்தக்கது. டயர் காப்பது ஏனைய மழைநாட்களில், வழமையான பயணங்களில், வழமையான வளைவுகளில். மாரியில் அத்தகைய நாட்களே மிகப் பல. அவற்றுக்கான ஆயத்தம் செப்டெம்பர் மாதத்து ஒரு காலைப்பொழுதில், ஒரு தீக்குச்சியோடு தொடங்கலாம்.